கண்ணில் ஒரு வெள்ளை ஒளி

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் உங்களுக்குத் திராட்சைதான் நினைவுக்கு வரும். அங்கே ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் தாய்மார் பலர், விடியுமுன் ஜீப்பில் மலையேறிப் பொழுது சாயும் வேளையில்தான் வீடு திரும்புகிறார்கள். குழந்தையின் முகத்தை அவர்கள் ஆசையோடு பார்ப்பது அந்திக் கருக்கலில், விளக்கு வெளிச்சத்தில்.

இந்த விஷயத்தில் அது நல்லதாயிற்று! பகல் முழுவதும் பார்த்துக்கொண்ட பாட்டிக்குத் தெரியாத ஒன்று, அந்த நேரத்தில் தாயின் பார்வையில் படலாம். மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் பாவை விரிகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய அந்த வட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ மின்னி மறைகிறது. போட்டோ எடுத்தால் ஒரு கண்ணில் மட்டும் வெள்ளைப் பொட்டு விழுகிறது. சில குழந்தைகளுக்கு மாறுகண்ணும் சேர்ந்துகொள்ளும்.

சாம்பல் நிற விழியை நாம் செல்லமாகப் 'பூனைக்கண்' என்கிறோமே, அதுவல்ல இது. விழித்திரையில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். பதினையாயிரம், இருபதினாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது.

இப்படி ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால், "தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டாளே, அதனால்தான்" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். விஷயம் அப்படி இல்லை, சகோதரிகளே! 1971-ல் அமெரிக்க டாக்டர் ஆல்பிரட் நட்சன், 48 குழந்தைகளின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டே இதன் சூட்சுமத்தை ஊகித்தார். விழித்திரையின் ஒவ்வொரு உயிரணுவிலும் வளர்ச்சியை அடக்கும் மரபணு இரண்டு பிரதிகள் உண்டு. சைக்கிளுக்கு இரண்டு பிரேக் மாதிரி. இரண்டும் பழுதானால்தான் கட்டி கிளம்பும். சில குழந்தைகள் ஒரு பிரேக் பழுதான நிலையிலேயே பிறக்கின்றன. அந்த மரபணுவை 1986-ல் கண்டுபிடித்தார்கள்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுது வந்தாலே போதும். ஆகவே மணந்தவர் சொந்தமா அந்நியமா என்பது இங்கே பொருட்டல்ல. (வேறு சில பரம்பரை வியாதிகளுக்குச் சொந்தத்தில் மணப்பது வழி விடுகிறது; அதை மறக்க வேண்டாம்.) பெரும்பாலான குழந்தைகளுக்கோ குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருகிறது. மருமகளைக் குற்றம் சொல்ல மாமியாருக்கு நியாயமே இல்லை!

ஆனால் தாய்க்கோ தகப்பனுக்கோ சிறு வயதில் இரண்டு கண்ணிலும் இது வந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பழுது பாதிக்குப் பாதி வரக்கூடும். பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைக் காட்டியாக வேண்டும். இரத்தத்தில் மரபணுவைச் சோதித்து, எந்தக் குழந்தைக்குப் பயமில்லை என்றுகூடச் சொல்ல முடிகிறது.

சீக்கிரம் கண்டால் லேசர், உறைய வைத்தல், மருந்து என்று கண்ணையே காப்பாற்றப் பார்க்கிறார்கள். முற்றிவிட்டால் கண்ணை எடுக்க வேண்டியதுதான். "பெண் குழந்தையாயிற்றே, ஒற்றைக் கண்ணோடு யார் கட்டுவார்கள்?" என்று தயங்கும் வீட்டில்தான் விபரீதம் நேர்கிறது. வியாதி பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போய்விட்டால், பிறகு பேச்சு கண்ணைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. செயற்கைக் கண் வைத்த பெண் பள்ளிக்கூடம் போகலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம்.

கம்பத்துக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டாம். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு 1985 முதல் தேனியிலும் கிளை உண்டு. சந்தேகம் வந்த அன்றைக்கே பஸ் ஏறுவது நல்லது. வீட்டில் கைக்குழந்தையாகத் தம்பியோ தங்கையோ இருந்தால், அதையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள்.