எழுதி வாங்குதலும் நடுவர் ஆணையும்: குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புப் பெறும் வழி – வையம்பட்டியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் பெண்ணுக்கு நீதித்துறை நடுவர் வழங்கும் பாதுகாப்பு ஆணை, காவல் நிலையத்தில் கணவனிடம் எழுதி வாங்கப்படும் உறுதிமொழியினின்றும் சட்ட வலிமையில் வேறானது. இவ்வேறுபாட்டைக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் வழி விளக்குவதும், வையம்பட்டி போன்ற ஓர் ஊரிலிருந்து அவ்வாணையைப் பெறும் முறையைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, பாதுகாப்பு ஆணை, பாதுகாப்பு அலுவலர், நீதித்துறை நடுவர், வையம்பட்டி.

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மணப்பாறையை அடுத்து அமைந்த வையம்பட்டி, ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். இத்தகைய ஊர்களில் கணவன் வீட்டில் அடிபட்டுத் தாய்வீடு திரும்பும் பெண்ணுக்கு முதலில் வாய்ப்பது உறவினரின் பேச்சுவார்த்தை. அது பயன்தராதபோது ஊர்ப் பெரியவர்கள். அதன் பின்னரே மகளிர் காவல் நிலையம். அங்கும் பல நேரங்களில் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, 'இனி அடிக்கமாட்டேன்' எனக் கணவனிடம் எழுதி வாங்கிப் பெண்ணை அவனுடன் அனுப்பிவைப்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தத் தாளைப் பாதுகாப்பு என்று அப்பெண்ணும் அவளுடைய பெற்றோரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு பொருத்தமுடையது என்பதே இங்கு எழும் வினா.

எழுதி வாங்குதலின் வரம்பு

காவல் நிலையத்தில் கொடுக்கப்படும் உறுதிமொழி நீதிமன்ற ஆணை ஆகாது. அதனை மீறியவன்மீது, மீறினான் என்ற ஒரே காரணத்திற்காக இச்சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க இயலாது. மீண்டும் அடிபட்டால் மீண்டும் முதலிலிருந்து புகார் அளிக்க வேண்டும். மாறாக, நடுவர் பிறப்பித்த பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறுவதே பிரிவு 31-இன்படி தனிக் குற்றமாகும். அதற்கு ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பிரிவு 32 அக்குற்றத்தைப் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதாகவும் பிணையில் விடத்தகாததாகவும் வகைப்படுத்துகிறது. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே குற்றம் நிகழ்ந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்யவும் இடமளிக்கிறது. நான்கு சுவர்களுக்குள் நிகழும் வன்முறைக்கு வேறு சாட்சி கிடைப்பது அரிது என்பதைச் சட்டம் உணர்ந்திருப்பதன் அடையாளம் இது.

காவல் நிலையத்திற்குச் செல்வது வீண் என்று இதற்குப் பொருளன்று. குடும்ப வன்முறை பற்றிப் புகார் பெறும் காவல் அலுவலர், நிவாரணம் கோரி விண்ணப்பிக்கும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் உதவி, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றைப் பெண்ணுக்கு எடுத்துரைக்கப் பிரிவு 5-ஆல் கடமைப்பட்டவர். கைது செய்யத்தக்க குற்றம் நிகழ்ந்திருப்பின் அதன்மீது நடவடிக்கை எடுக்கும் பொறுப்பும் அவருக்கு நீங்குவதில்லை. எனவே, பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவின்கீழான கொடுமைப் புகாரும் பாதுகாப்பு ஆணைக்கான மனுவும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல. புகார் நடந்ததற்குத் தண்டனை தேடுவது. மனு இனி நடக்காதிருக்கத் தடை தேடுவது.

மனுவின் வழி

பாதிக்கப்பட்டவரோ, பாதுகாப்பு அலுவலரோ, அவர் சார்பில் வேறொருவரோ பிரிவு 12-இன்கீழ் நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். மனைவி மட்டுமல்லர், தாய், மகள், உடன்பிறந்தாள், கைம்பெண், திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவர் ஆகியோரும் இச்சட்டத்தின் வரம்பிற்குள் வருவர். 'வயது வந்த ஆண்' மீது மட்டுமே மனுச் செய்யலாம் என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஹிரல் ஹர்சோரா வழக்கில் நீக்கியதால், பெண் உறவினரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

எந்த நீதிமன்றம் என்பது அடுத்த ஐயம். கணவனின் ஊர் எதுவாயினும், பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவரிடமே மனு அளிக்கப் பிரிவு 27 வழிசெய்கிறது. கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வாழ்க்கைப்பட்டு வையம்பட்டித் தாய்வீட்டிற்குத் திரும்பியவர் மணப்பாறை நடுவர் நீதிமன்றத்தை நாடலாம். அடிபட்ட ஊருக்குத் திரும்பிச் செல்ல வேண்டியதில்லை.

சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையை ஆயத்தம் செய்து நடுவருக்கு அனுப்புவார். எனினும், அவர் வழியாகவன்றி நேரடியாக மனு அளிக்கப்பட்டிருப்பின், அவ்வறிக்கை இல்லாமலும் நடுவர் ஆணை பிறப்பிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2022-இல் பிரபா தியாகி வழக்கில் தெளிவுபடுத்தியது. மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலரைச் சென்றடைய இயலாத சிற்றூர்ப் பெண்ணுக்கு இத்தீர்ப்பு பெருந்துணையாகும். வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்த வேண்டும் என 2025 மே மாதத்தில் அந்நீதிமன்றம் மாநிலங்களுக்கு இட்ட கட்டளையும் இத்தொலைவை முன்னிட்டே நோக்கத்தக்கது.

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாள்களுக்குள் அமைய வேண்டும். அந்நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும். அதுவரை காத்திருக்க இயலாத நிலையில், மனுதாரரின் பிரமாணப் பத்திரத்தைக் கொண்டு எதிர்தரப்பைக் கேளாமலேயே இடைக்கால ஆணை வழங்கப் பிரிவு 23 அதிகாரமளிக்கிறது. பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர் ஆதலின், வட்டச் சட்டப்பணிகள் குழு வழியாக வழக்குரைஞரைப் பெறலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் தொடக்க வழிகாட்டுதலுக்கு உள்ளது.

ஆணையில் இடம்பெற வேண்டியவை

பிரிவு 31 பாதுகாப்பு ஆணையை மீறுவதையே குற்றமாக்குகிறது. ஆகவே வாழ்க்கைச் செலவையும் குடியிருப்பையும் மட்டும் கோரி, பிரிவு 18-இன்கீழான தடையைக் கோராமல் விடும் மனு தன் வலிமையான பகுதியை இழக்கிறது. அடித்தல், பணியிடத்திற்கோ குழந்தையின் பள்ளிக்கோ வருதல், தொலைபேசியிலோ மின்னணு வழியிலோ தொடர்புகொள்ளுதல், வங்கிக் கணக்கையும் பெட்டகத்தையும் கையாளுதல், உதவிய உறவினரைத் துன்புறுத்துதல் ஆகியவற்றில் எவை நிகழ்ந்தனவோ, எவை அஞ்சப்படுகின்றனவோ அவற்றைப் பெயர் சொல்லிக் கோர வேண்டும். தடை தெளிவாக இருந்தால்தான் மீறலும் தெளிவாகும். ஆணையின் படியை இரு தரப்பினருக்கும் உரிய காவல் நிலையத்திற்கும் கட்டணமின்றி அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 24. அப்படி அந்நிலையத்தைச் சேர்ந்துவிட்டதை மனுதாரர் உறுதி செய்துகொள்ளுதல் நலம்.

இலங்கையில் அதே 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளையின் காலம் 12 மாதங்களுக்கு மேற்படாது. இந்தியச் சட்டத்திலோ, விடுவிக்கக் கோரிப் பாதிக்கப்பட்டவரே விண்ணப்பிக்கும் வரை ஆணை நீடிக்கும். சூழ்நிலை மாறியிருப்பின் மட்டும் நடுவர் அதனைத் திருத்தவோ நீக்கவோ கூடும்.

முடிவுரை

எழுதி வாங்கிய தாள் கணவனின் வாக்கை மட்டுமே சார்ந்தது. நடுவரின் ஆணை சட்டத்தின் தண்டனையைச் சார்ந்தது. முன்னதைப் பெற்ற பெண் பாதுகாப்புப் பெற்றுவிட்டதாக எண்ணுமிடத்திலேயே ஆபத்து தொடங்குகிறது. இவ்வேறுபாட்டை முதற்கண் கூற வேண்டியவர், சட்டப்படி, புகாரைக் கையில் வாங்கும் காவல் அலுவலரே. அவர் கூறாதவிடத்து, கிராம சுகாதாரச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் மகளிர் குழுவினரும் கூறலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருவோரைப் பிரிவு 4 வழக்கிலிருந்து காக்கிறது. வையம்பட்டியிலிருந்து மணப்பாறை நீதிமன்றம் தொலைவில் இல்லை. காவல் நிலையத்திலிருந்து அங்குச் செல்லும் வழியை எவரேனும் சொல்ல வேண்டியதே எஞ்சி நிற்கிறது.