இன்புளுவென்சாவும் சுற்றயல் நரம்புகளும்

இன்புளுவென்சா முதலிய சுவாசத் தொற்றுக்கள் தணிந்து ஓரிரு வாரங்கள் கழிந்தபின், மிகச் சிலருக்குக் கால்களில் விறைப்பும் வலுக்குறைவும் தோன்றுகின்றன. வலுக்குறைவு மேல்நோக்கிப் படர்ந்து கைகளையும் முகத்தையும் பற்றும், தெறிவினைகள் மறையும். நோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சுவாசத் தசைகளும் தளர்ந்து, செயற்கைச் சுவாசம் இன்றியமையாததாகும். 1916 இல் கில்லன், பரே, ஸ்ட்ரோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மூவர் போர்வீரர் இருவரிடம் இதனைக் கண்டு விவரித்தனர். மூளைமுண்ணாண் பாய்பொருளிற் புரதம் மிகுந்திருக்க, கலங்கள் மிகாதிருந்தமையே அவர்கள் சுட்டிய சிறப்பியல்பு. (மூன்றாமவரின் பெயர் நோயின் பெயரில் நிலைக்காது போயிற்று.)

இங்கு நரம்பைச் சிதைப்பது வைரசு அன்று. தொற்றை எதிர்க்கத் திரண்ட நிர்ப்பீடனத் தொகுதியே வழிதவறி, சுற்றயல் நரம்புகளின் மயலின் உறையை, சிலரில் நரம்பிழையையே, தாக்குகின்றது. அவ்வாறாயின், அதே நிர்ப்பீடனத்தைத் தூண்டும் தடுப்பூசியும் இவ்விளைவைத் தரக்கூடுமன்றோ? 1976 இல் அமெரிக்காவில் இவ்வினா ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கே வந்தது.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் நியூ ஜேர்சியிலுள்ள போட் டிக்ஸ் படைமுகாமிற் பன்றி இன்புளுவென்சா பரவி, போர்வீரர் ஒருவர் இறந்தார். 1918 இன் பெருங்கொள்ளைநோய் மீளுமென அஞ்சிய அரசு, நாடு முழுவதற்கும் தடுப்பூசி ஏற்ற முனைந்தது. அது சனாதிபதித் தேர்தல் ஆண்டு என்பதையும் மறத்தற்கில்லை. ஒக்டோபரில் தொடங்கிய பணி, 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஊசி ஏற்றிக்கொண்ட நிலையில், டிசெம்பர் 16 இல் நிறுத்தப்பட்டது. ஊசி ஏற்றியோரில் இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவில் கில்லன்-பரே நோய் மேலதிகமாகக் காணப்பட்டது. அஞ்சிய கொள்ளைநோயோ முகாமுக்கு வெளியே பரவவே இல்லை. வராத நோய்க்காக ஏற்ற ஆபத்து, எத்துணைச் சிறிதாயினும், பெரிதாகவே தோன்றும்.

எனினும் இதனைக் கொண்டு தடுப்பூசி எதனையும் ஐயுறுவது கணக்குப் பிழையாகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஆய்வொன்று 2013 இல் வெளியாயிற்று. பருவகாலத் தடுப்பூசியின் பின் இந்நோய் 10 இலட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ 1 ஆகவும், இன்புளுவென்சாவுக்காக மருத்துவரை நாடிய 10 இலட்சம் தடவைகளுக்கு ஏறத்தாழ 17 ஆகவும் இருத்தலை அது காட்டியது. ஊசியை மட்டுந் தராசிலிட்டு, நோயை இடாது விடுவோரே நம்மிடையே மிகுதி. 2021 இல் அடினோவைரசைக் காவியாகக் கொண்ட கொவிட்-19 தடுப்பூசிகளின் அரிதான பக்கவிளைவுகளுள் இந்நோய் சேர்க்கப்பட்டபோதும் இப்பிழை மீண்டும் நேர்ந்தது.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. குருதித் திரவவிழையத்தை மாற்றீடு செய்தலோ, இமியூனோகுளோபியுலினை நாளத்தினூடாக ஏற்றுதலோ முதல் இரு வாரங்களுள் தொடங்கப்படின் பெரும்பயன் தரும். நோயாளருட் பெரும்பாலோர் ஆறு மாதங்களுள் துணையின்றி நடக்கவல்லராகின்றனர்.