கஞ்சா: உடலிலும் மனத்திலும் அது செய்யும் மாற்றங்கள்

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். பெண் செடியின் பூக்கதிரிலும் பிசினிலும்தான் அது மிகுதி. 1964-இல் இஸ்ரேலிய வேதியியலாளர்களான ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் அதைத் தனியே பிரித்து, அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தார்கள்.

நினைவு, காலவுணர்வு, உடல் சமநிலை, பசி ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளில், உடல் தானே சுரக்கும் அனந்தமைடு போன்ற பொருள்களுக்கான ஏற்பிகள் நிறைந்துள்ளன. புகையை இழுத்த சில நிமிடங்களில் டி.எச்.சி. அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. பேசத் தொடங்கிய விஷயம் பாதியில் மறந்துபோகிறது. ஐந்து நிமிடம் அரை மணி நேரம்போல நீள்கிறது. பிரேக்கை மிதிக்கக் கால் தாமதிக்கிறது. இந்த நிலையில் வண்டி ஓட்டுவது விபத்தில் முடியலாம். நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடக்கூடும். இதய நோயாளிகளுக்கு இது ஆபத்து.

கஞ்சா கலந்த பானமான பாங்கு போல உட்கொள்ளும்போது போதை ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஏறவில்லையே என்று மேலும் குடிப்பவர்கள் பிறகு கடும் பதற்றத்துக்கும் வாந்திக்கும் ஆளாகிறார்கள்.

தொடர்ந்து புகைப்பவர்களைச் சளியும் ஓயாத இருமலும் வாட்டுகின்றன. பல ஆண்டுகள் பழகிய சிலருக்கு வயிற்றுவலியும் அடங்காத வாந்தியும் திரும்பத் திரும்ப வரும். வெந்நீரில் குளித்தால் மட்டுமே சற்று அடங்கும் என்பதால் அவர்கள் மணிக்கணக்கில் குளியலறையிலேயே கிடப்பார்கள். கஞ்சாவை அடியோடு நிறுத்துவதே இதற்குத் தீர்வு.

மனநலத்துக்கு நேரும் கேடு இதைவிடப் பெரிது. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும், காதில் குரல் கேட்பதும் போதையின்போதே தலைகாட்டலாம். ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1987-இல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது அந்நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. அதனால் பள்ளிப் பருவத்தில் தொடங்கும் பழக்கம் கவனத்தையும் கற்கும் திறனையும் ஆழமாகப் பாதிக்கிறது. கர்ப்பிணியின் உடலில் சேரும் டி.எச்.சி. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையையும் எட்டுகிறது. எடை குறைவாகக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

‘மூலிகைதானே, அடிமையாக்காது’ என்ற பேச்சு தவறு. புகைப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும்.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியால் என்ற வேதிப்பொருள், சில அரிய வகைக் குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கு 2018-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அது போதை தராத பொருள். அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்படுவது. பொட்டலத்தில் வாங்கிப் புகைப்பதற்கு அது நியாயமாகாது.

இந்தப் பழக்கத்தை மாற்றவென்று தனி மருந்து இல்லை. மனநல ஆலோசனையும் குடும்பத்தின் துணையுமே முதன்மைச் சிகிச்சை. திட்டியும் ஒதுக்கியும் வைத்தால் பிள்ளை மேலும் விலகிப்போவான். சீக்கிரமே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் மீள முடியும். இந்திய அரசின் போதை மீட்புக் கட்டணமில்லா உதவி எண் 14446.