இரவுக்குக் கூட்டாஞ்சோறு: பிள்ளைகளும் கை கொடுக்கட்டும்

மும்பையில் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு நாளில் கடினமான நேரம் எது? காலை நேரம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். காலையில் எல்லாம் கடிகாரப்படி ஓடிவிடும். குழாயில் தண்ணீர் வரும் நேரம், டப்பா கட்டும் நேரம், ரயிலுக்குக் கிளம்பும் நேரம் என்று கை தானாக வேலை செய்யும். மாலைதான் கடினம்.

பலர் இன்னும் வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்திலோ, தாதரிலோ ரயில் ஏறி, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் வரை பாதி தூரம் நின்றுகொண்டே பயணம் செய்து வீட்டுப் படி ஏறும்போது மணி எட்டு. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் என்று அருகில் குடியிருப்பவர்களுக்கு ஏழு, ஏழரை. பையில் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய காய். வாசலில் பசியோடு பிள்ளைகள். "ராத்திரிக்கு என்னம்மா?" என்ற கேள்வி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வந்துவிடும்.

பள்ளியில் இருந்து திரும்பியதும் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. கையில் இருக்கும் காசுக்கு வடா பாவ் வாங்குவார்கள். இல்லாவிட்டால் ஒரு பாக்கெட் நூடுல்ஸ். வடா பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஊரின் பாதிப் பேரின் பசியை ஆற்றுவது அதுதான். ஆனால் தினமும் அந்தி நேரத்தில் அதைத் தின்றுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டில் கை வைக்காமல் தூங்கிப் போகும் பிள்ளை பல வீடுகளில் இருக்கிறது. அம்மா அலுப்போடு சமைத்தது மறுநாள் காலை வரை மூடியே கிடக்கும்.

இதற்கு ஒரு வழி, பிள்ளைகளையும் சமையலில் சேர்த்துக்கொள்வது. "படிக்கிற பிள்ளைகளை அடுப்படியில் விடுவதா?" என்று கேட்கலாம். அடுப்பை அவர்களிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

அடுப்பில்லாத வேலையே அதிகம்

ஒரு வேளைச் சமையலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குக்கர் அடுப்பில் இருப்பது 20 நிமிடம். தாளிக்க 2 நிமிடம். மீதி நேரம் எங்கே போகிறது? அரிசி களைய, பருப்பு ஊறப் போட, சின்ன வெங்காயம் உரிக்க, பூண்டு உரிக்க, கீரை ஆய, புளி ஊற வைத்துக் கரைக்க, தேங்காய் துருவ, பச்சைப் பட்டாணி உரிக்க. இந்த வேலைகளுக்கு மட்டும் அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். இவற்றில் ஒன்றுக்காவது தீ வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குக் கத்திகூட வேண்டாம்.

அம்மா ரயிலில் நிற்கும் நேரத்தில் வீட்டில் இந்த வேலை முடிந்திருந்தால், அவர் வந்ததும் குக்கரை ஏற்றினால் போதும். ஒன்பதரை மணிச் சாப்பாடு எட்டரைக்கு வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தின் அருமை வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

நாலைந்து வயதுக் குழந்தைக்குக் கீரை ஆயக் கொடுக்கலாம். பட்டாணித் தோலை அமுக்கி உரிப்பது அதற்கு விளையாட்டு. பத்து மணி தரையில் உருண்டோடும், ஓடட்டும். ஏழெட்டு வயதில் அரிசியை அளந்து களையச் சொல்லலாம். அளப்பதில் கணக்கும் இருக்கிறது: அரிசி ஒன்றரை டம்ளர், பருப்பு அரை டம்ளர், இரண்டுக்கும் சேர்த்து மூன்று பங்கு தண்ணீர் என்றால் எத்தனை டம்ளர்? டியூஷனில் வராத பெருக்கல் இங்கே வரும். பத்து வயதுக்கு மேல் சிறிய கத்தியால், பலகையில் வைத்து, வெண்டைக்காய், பீன்ஸ் போன்ற மெதுவான காய்களை நறுக்கலாம். அரிவாள்மணை வேண்டாம். அதில் நம் பாட்டிமாருக்கு இருந்த பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. பூசணி, சேனை போன்ற கடினமான காய்களைப் பெரியவர்களே நறுக்குவது நல்லது.

குழந்தை செய்யும் வேலை கோணலாகத்தான் இருக்கும். வெங்காயத்தில் பாதி தோலோடு போய்விடும். அதற்காகக் கையில் இருப்பதைப் பிடுங்கினால் மறுநாள் அந்தக் குழந்தை வராது. தான் ஆய்ந்த கீரை என்றால் அதே குழந்தை அதைத் தின்று பார்க்கும். கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளையைத் தின்ன வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

மூத்த மகள் சமையல்காரி அல்ல

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர் வீடுகள் பலவற்றில் மூத்த பெண்ணுக்குப் பத்து, பன்னிரண்டு வயதானதும் இரவுச் சமையல் முழுவதும் அவள் தலையில் ஏறிவிடுகிறது. தம்பிக்குச் சோறு போடுவதும் அவள், மோரியில் பாத்திரம் துலக்குவதும் அவள். பத்தாம் வகுப்பு வரும்போது அவள் படிப்புதான் முதலில் அடிபடும். பிள்ளைகளைச் சமையலில் சேர்ப்பது என்பது இது அல்ல. ஆளுக்கு 15, 20 நிமிட வேலை, அவ்வளவுதான். பரீட்சைக் காலத்தில் அதுவும் வேண்டாம்.

வேலையைப் பங்கு போடும்போது பையனும் அதில் இருக்க வேண்டும். "ஆண் பிள்ளைக்கு எதற்கு அடுப்படி?" என்று கேட்கும் தாத்தாக்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். இந்த ஊருக்கு முதலில் தனியாக வந்த தமிழர்கள் ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி, முறை வைத்துத்தானே சமைத்தார்கள்? தாராவியில் விடியற்காலை இட்டிலி அவித்து, பாத்திரத்தோடு தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவர்களில் ஆண்கள்தானே அதிகம்? தொழில் என்றால் ஆண் சமைக்கலாம், வீடு என்றால் கூடாது என்பது என்ன நியாயமோ தெரியவில்லை. நாளை வேலை கிடைத்துப் புனேவுக்கோ, துபாய்க்கோ போகும் பையனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

தீயின் அருகில்

பெரியவர் வீட்டில் இல்லாதபோது அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே நாலடிதான் இடைவெளி.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, அடுப்பு வேலையைச் சொல்லிக் கொடுக்கலாம். நைலான் துணி உடுத்திக்கொண்டு அடுப்பருகே நிற்கக் கூடாது, பருத்திதான் நல்லது. வாணலியின் பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடுகு போடும்போது கரண்டியில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். குக்கரில் ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் தொடக் கூடாது. அவசரத்துக்கு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடும் பழக்கத்தைப் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

கை சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரமானால் டிரம்மில் இருந்து மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பற்பசை, மை, மஞ்சள், நெய், ஐஸ் கட்டி எதுவும் வைக்கக் கூடாது. முகத்திலோ, உள்ளங்கையிலோ சுட்டிருந்தாலும், பெரிய கொப்புளம் கண்டாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இந்த எண் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

வறு, வதக்கு, பொரி

மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை விட்டால், மற்றவர்களுக்குத் தமிழ் வீட்டில்தான். வீட்டிலும் அண்ணனும் தங்கையும் இந்தியில்தான் சண்டை போடுகிறார்கள். "தமிழில் பேசு" என்று அதட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள்.

சமையலில் அதட்டலே தேவைப்படுவதில்லை. இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசும் பிள்ளைக்கு வறுப்பது, வதக்குவது, பொரிப்பது மூன்றும் 'ஃப்ரை'தான். எண்ணெய் இல்லாமல் வறுக்கிறோம், கொஞ்சம் எண்ணெயில் வதக்குகிறோம், நிறைய எண்ணெயில் பொரிக்கிறோம். கையால் ஒருமுறை செய்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு மறக்காது. களை, ஆய், கடை, மசி, வடி, கிளறு, தாளி... பாடப் புத்தகத்தில் பாதிகூட இராது.

பண்டமாற்றும் நடக்கும். கொத்தமல்லி மராத்தியில் கோத்திம்பீர், புளி சிஞ்ச், கத்தரிக்காய் வாங்கி, முருங்கை ஷேவ்கா, கேழ்வரகு நாச்ணி. ஊரில் இருந்து வந்து நாலு மாதமே ஆன அம்மாவுக்கு மார்க்கெட்டில் இந்தப் பெயர்கள் வேண்டும். பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். ஒருவருக்கொருவர் வாத்தியார்.

வடக்கே குடிபோன தமிழ்ப் பெண்கள் ஒரு காலத்தில் எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். 1951-ல் அதன் முதல் பாகம் வந்தது. பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க அம்மா இல்லாதவர்களுக்கு அது துணை. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாரே!

திருநெல்வேலிச் சோறு

ஒரே பாத்திரத்தில் முடியும் இரவுச் சாப்பாடுகள் நம்மிடம் நிறைய உண்டு. கோவைப் பக்கத்து அரிசிப்பருப்பு சாதம், காய் போட்ட ரவா கிச்சடி, மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாத அடை என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதற்கென்றே பிறந்தது கூட்டாஞ்சோறு. தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்விகம் நெல்லைச் சீமை. பெயரைச் சொன்னாலே அவர்கள் நாக்கில் எச்சில் ஊறும். ஊரில் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் இருந்து அரிசி, பருப்பு, காய் கொண்டுவந்து மரத்தடியில் பொங்கி விளையாடுவதற்கும் இதே பெயர்தானே!

நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. இங்கே கடைகளில் கிடைக்கும் கோலம் அரிசியிலும் நன்றாக வரும். இரண்டையும் களைந்து அரை மணி நேரம் ஊறவைப்பது ஒரு பிள்ளையின் வேலை. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி உருவுவது இன்னொரு பிள்ளைக்கு. நெல்லிக்காய் அளவு புளியை ஊறப் போட்டுவிட்டு, ஏழெட்டுச் சின்ன வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் உரித்து வைக்கட்டும். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் தாராவியிலும் கிடைக்கும். முருங்கைக்கீரை கிடைக்காத நாளில் வேறு கீரை போடலாம். மணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நீங்கள் வந்ததும் கத்தரி, முருங்கை, கொத்தவரை, வாழைக்காய் என்று கையில் உள்ளதை நறுக்கி, அரிசி பருப்போடு குக்கரில் போட்டு, மஞ்சள்தூளும் 6 டம்ளர் தண்ணீரும் சேர்த்து 3 விசில் விடுங்கள். 5 லிட்டர் குக்கரில் இது பாதிக்குள் அடங்கும். பாதிக்கு மேல் நிரப்பினால் அரிசியும் பருப்பும் பொங்கி வால்வை அடைக்கும். புளியை இப்போது சேர்க்க வேண்டாம். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகாமல் அடம் பிடிக்கும். ஏன் என்று பிள்ளை கேட்டால், பருப்பை மெதுவாக்க விடாமல் அமிலம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் வரும் அமிலம்தான்.

ஆவி அடங்குவதற்குள் நாலைந்து தேக்கரண்டி தேங்காய்த் துருவல், நாலு வற்றல் மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், உரித்த பூண்டு, பாதி வெங்காயம் இவற்றைக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் மிளகாய் இரண்டு போதும். மூடியைத் திறந்து புளிக்கரைசல், அரைத்த விழுது, உப்பு, கீரை எல்லாம் போட்டு, சிறு தீயில் 5 நிமிடம் கிளற வேண்டும். கெட்டியாக இருந்தால் சுடுதண்ணீர் விடலாம். இது பொலபொலவென்று இருக்க வேண்டிய சோறு அல்ல, குழைந்தால்தான் ருசி. மீதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலையோடு தாளித்துக் கொட்டுங்கள். ஊரில் இருந்து வந்த வடகம் இருந்தால் அதையும் பொரித்துச் சேர்க்கலாம். இதற்குக் குழம்பும் வேண்டாம், கூட்டும் வேண்டாம். அப்பளம் ஒன்று போதும். அரிசியில் குறைவாக உள்ள புரதச் சத்தைப் பருப்பு ஈடு செய்கிறது; காயும் கீரையும் உள்ளேயே இருக்கின்றன. துலக்க வேண்டியதும் ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு மிக்சி ஜார்தான். தட்டுகளை அவரவரே கழுவட்டும், அப்பாவும்தான்.

தேங்காய் அரைத்துச் சேர்ப்பதால் இந்தச் சோறு மும்பை வெக்கையில் காலை வரை தாங்காது. மீந்தால் இரவே குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும் வரை நன்றாகச் சூடாக்கிக் கிளறுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் அரிசியை ஒன்றேகால் டம்ளராகக் குறைத்து, அந்த அளவுக்குத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, அன்றைக்கே முடித்துவிடலாம். அடியில் லேசாகப் பிடித்திருக்கும் பொறுக்கு யாருக்கு என்ற சண்டை மட்டும் வரும்.