கம்பி இல்லாத கீபோர்டு 'லினக்ஸி'ல் வேலை செய்யவில்லையா? தூக்கி எறிய வேண்டாம்!

பெங்களூர் அல்சூரில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மகன் கல்லூரியில் படிக்கிறான். வீட்டில் இருப்பது பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர். அப்பாவின் பிராவிடண்ட் பண்டு கணக்கு பார்ப்பது, ஊருக்குப் போக ரெயில் டிக்கெட் எடுப்பது, மகனின் ஸ்காலர்ஷிப் மனு எல்லாமே அதில்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ்-10. அதற்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ்-11 ஏறாது. புதிது வாங்கவோ கையில் பணம் இல்லை. பையன் சிநேகிதன் ஒருவனைக் கூட்டி வந்து, காசு இல்லாமல் கிடைக்கும் 'லினக்ஸ்' போட்டுவிட்டான்.

கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. ஆனால் கம்பி இல்லாத கீபோர்டும் மவுசும் அசையாமல் கிடந்தன. ஸ்காலர்ஷிப் மனுவுக்கு நாளை கடைசி நாள். கடையில் போய்க் கேட்டால், "லினக்சுக்கு இதெல்லாம் ஒத்துவராது சார். வேறு செட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வருகிறது!

கடைக்காரர் சொல்வது சரியா? பெரும்பாலும் சரி இல்லை.

ஜோடி பிரியாது

1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியதுதான் லினக்ஸ். இன்று அது உலகம் முழுவதும் ஓடுகிறது. யூ.எஸ்.பி. கீபோர்டுகளும் மவுசுகளும் பேசுவதற்கு என்று ஒரு பொது பாஷை உண்டு. அந்தப் பாஷை லினக்சுக்கும் தெரியும். அதனால் பெரும்பாலான கீபோர்டுகளுக்குத் தனியாக எந்தப் புரோகிராமும் போட வேண்டியதில்லை.

கம்பி இல்லாத செட்டோடு நகம் அளவில் ஒரு 'ரிசீவர்' வருகிறது அல்லவா? கம்ப்யூட்டரில் சொருகியதும், "நான் ஒரு கீபோர்டு" என்று கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துகொள்வது அதுதான். ரேடியோ பேச்செல்லாம் கீபோர்டுக்கும் ரிசீவருக்கும் இடையில் நடக்கிறது. தன் ஜோடி எது என்ற விவரம் ரிசீவருக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

ஜோடி சேர்த்து வைத்தது தொழிற்சாலை. கம்ப்யூட்டர் வெறும் குடியிருக்கும் வீடு. வீடு மாறினாலும் ஜோடி பிரியாது. விண்டோசில் ஓடிய செட், அதே ரிசீவரோடு லினக்சிலும் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பார்க்க வேண்டியவை

பாட்டரியை மாற்றிப் பாருங்கள். புதுச் செட் என்றால் பாட்டரிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உருவ வேண்டும். மவுசின் அடியில் உள்ள சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, ரிசீவரை வேறு துளையில் சொருகுங்கள். மேஜைக்கு அடியில், இரும்புப் பெட்டிக்குப் பின்னால் சொருகினால் ரேடியோ அலை சரியாக எட்டாது. முன்பக்கத் துளை நல்லது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த ரிசீவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. வேகமான யூ.எஸ்.பி. 3.0 சாதனங்கள் ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது என்பதை இன்டெல் கம்பெனியே 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. பக்கத்துத் துளையில் ஹார்டு டிஸ்க் சொருகியதும் மவுஸ் திக்கித் திணறுவது இதனால்தான். சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, ரிசீவரை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்தது.

ரிசீவர் தெரிகிறதா?

கம்பியுள்ள பழைய கீபோர்டு ஒன்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். 'டெர்மினல்' என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சின்ன எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து 'என்டர்' தட்டினால், கம்ப்யூட்டரில் சொருகியுள்ள சாதனங்களின் பட்டியல் வரும்.

ரிசீவரைச் சொருகி ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். ஒரு வரி கூடிக் குறைந்தால் ரிசீவர் உயிரோடு இருக்கிறது. வரி மாறவே இல்லை என்றால் ரிசீவரோ, அந்தத் துளையோ பழுது. அதே ரிசீவரை வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ரிசீவர் தொலைந்துவிட்டால்?

பல மலிவான செட்டுகளில் ரிசீவர் போனால் செட்டும் போன மாதிரிதான். வேறு ரிசீவர் சேராது. வீடு மாற்றும்போது அதை மவுசின் பாட்டரி அறைக்குள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

லாஜிடெக் கம்பெனி 2009-ல் கொண்டுவந்த 'யூனிபையிங்' ரிசீவர் இதற்கு விலக்கு. ஒரே ரிசீவரில் ஆறு சாதனங்கள் வரை சேர்க்கலாம். 2012 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.2 பதிப்பிலேயே இதற்கென்று தனி ஏற்பாடு சேர்ந்துவிட்டது.

புது ஜோடி சேர்க்க 'சோலார்' என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. லினக்ஸின் சாப்ட்வேர் பகுதியில் தேடிப் போட்டுக்கொள்ளலாம். போட்டதும் ரிசீவரை ஒரு தடவை கழற்றிச் சொருக வேண்டும். பிறகு 'புதிய சாதனத்தைச் சேர்' என்பதை அழுத்தி, உடனே கீபோர்டின் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஜோடி சேர்ந்துவிடும். ஆனால் கீபோர்டிலும் 'யூனிபையிங்' அடையாளம் இருக்க வேண்டும். அதே கம்பெனி 2021-ல் கொண்டுவந்த 'போல்ட்' ரிசீவரோடு இது சேராது.

புளூடூத் கதை வேறு

ரிசீவர் இல்லாத கீபோர்டு என்றால் அது புளூடூத். இதில் ஜோடி விவரம் கம்ப்யூட்டரிலேயே பதிகிறது. செட்டிங்சில் புளூடூத்தைத் திறந்து, கீபோர்டின் ஜோடி பட்டனை அழுத்திப் பிடித்தால் பெயர் வரும். திரையில் எண் ஒன்று தெரிந்தால், அதைப் புதுக் கீபோர்டிலேயே அடித்து 'என்டர்' தட்ட வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. ஒன்றில் ஜோடி சேர்த்தால் மற்றதில் அறுந்துபோகும். ரிசீவர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. தவிர, கம்ப்யூட்டர் முழுதாக எழுந்த பிறகுதான் புளூடூத் விழிக்கும். ஆகவே லினக்ஸ் போடும் அன்று கம்பியுள்ள கீபோர்டு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எச்சரிக்கை!

2016-ல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் ஆபத்தை வெளியிட்டது. பல கம்பெனிகளின் ரிசீவர்களில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, 100 மீட்டர் தூரத்தில் இருந்துகூட ஒருவன் நம் கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடிக்க முடியும் என்பதுதான் அது. நெருக்கமான குடியிருப்பில், கம்ப்யூட்டரில் பாங்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

சில கம்பெனிகள் ரிசீவருக்குள் போடும் திருத்தத்தை வெளியிட்டன. லினக்சில் எப்.டபிள்யூ.யூ.பி.டி. என்ற புரோகிராம், ஆதரவு உள்ள ரிசீவர்களுக்கு அந்தத் திருத்தத்தைத் தானே கொண்டுவந்து போடும். அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். திருத்தமே வராத பழைய செட் என்றால், பாங்கு வேலைக்குக் கம்பியுள்ள கீபோர்டே நல்லது.

தமிழிலும் அடிக்கலாம்

பெங்களூர்க் கடைகளில் தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். எந்த இடத்துக் கட்டையைத் தட்டினார்கள் என்பதை மட்டுமே கீபோர்டு அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான்.

லினக்ஸ் செட்டிங்சில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால், 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருவான 'தமிழ்-99' முறையும் அங்கே இருக்கிறது. கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அல்சூர் வீட்டுக்குத் திரும்புவோம். ரிசீவரை இரும்புப் பெட்டியின் பின்னால் இருந்து எடுத்து முன்னால் சொருகி, ஒரு ஜோடி புதுப் பாட்டரி போட்டாலே அந்த வீட்டுக் கீபோர்டு பேசக்கூடும். பேசாவிட்டாலும் இரவல் கீபோர்டில் பையன் மனுவை முடித்துவிடலாம். புதுச் செட்டுக்கு என்று எடுத்து வைத்த பணம், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரெயில் டிக்கெட்டுக்கு ஆகும்.