சட்டமும் அடிச்சட்டமும்

ஒரு பொருளின் வடிவத்தை அதனைச் செய்யும் பொறியியல் வல்லுநரே வகுக்கின்றனர் என நாம் எண்ணுகிறோம். அரசாங்கம் விதிக்கும் வரியும் அவ்வடிவத்தை வகுப்பதுண்டு. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் முன்னர் கார் வரியை இயந்திர உருளையின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டனர். ஆகவே, வரிக்கு அஞ்சி, ஒடுங்கி நீண்ட உருளைகளை உடைய சிற்றியந்திரங்களையே செய்தனர். அவை பரந்த அயல்நாடுகளின் நெடுஞ்சாலைகளுக்கு ஏற்றவை அல்ல. இரண்டாம் உலகப்போர் அந்நாட்டைக் கடனில் ஆழ்த்தியது. எஃகு பங்கீடு செய்யப்பட்டது. கார்களை மிகுதியாக ஏற்றுமதி செய்வோர்க்கே அது மிகுதியாகக் கிடைத்தது. 1948-இல் புதிய கார்களுக்கெல்லாம் ஒரே அளவான வரி வந்தது. அயல்நாட்டாரை மனத்திற்கொண்டு கார் செய்யும் காலம் பிறந்தது.

வாங்கும் நாடுகள் பலவும் ஒரு விதி வைத்திருந்தன. முழுக்காராக வந்தால் வரி மிகுதி. உறுப்புகளாக வந்து உள்நாட்டில் பூட்டப்பட்டால் வரி குறைவு. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு இதற்கு இசைய அமைந்தது. அக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் கூடும் அடிப்பகுதியும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஹெரால்டுக்கோ தனி அடிச்சட்டம். நெல்லையப்பர் தேரை நினைத்துப் பாருங்கள். அதன் மரத்தாலாகிய அடிப்பகுதி நிலையானது. மேற்பகுதியை ஆனித் திருவிழாதோறும் கட்டி, பின்னர்ப் பிரித்துவிடுவர். அதுபோலவே ஹெரால்டின் மேற்பகுதிகளும் திருகாணிகளால் அடிச்சட்டத்தில் பூட்டப்பட்டன. ஆதலின் உறுப்புகளாகக் கப்பலேற்றி, சென்ற இடத்தில் பூட்டுதல் எளிதாயிற்று. மேற்கூடு செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று 1953-இல் வாங்கிக்கொண்டதும் இவ்வமைப்புக்கு மற்றொரு காரணமாகும்.

இந்தியாவின் விதி இன்னும் கடுமையானது. உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர் தொழிலை விட்டு விலக வேண்டும் என 1953-இல் அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் நிலைத்தது. 1961-இல் ஹெரால்டை வெளியிட்டு, உள்நாட்டு உறுப்புகளை ஆண்டுதோறும் பெருக்கியது. இக்கொள்கையின் நிழலில் சென்னைப் பாடியில் 1960-இல் வீல்ஸ் இந்தியாவும், 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் தோன்றின. இவை டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள். அக்குழுமத்தின் முதல்வரான சுந்தரம் ஐயங்கார் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பது நமக்கு உவகை தருவதன்றோ?

இங்கிலாந்தில் இரு கதவுகளோடு இருந்த ஹெரால்டு, நம் நாட்டின் பெரிய குடும்பங்களுக்காக 1968-இல் நான்கு கதவுகள் பெற்றது. பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பை நம் ஓட்டுநரும் பழுது பார்ப்போரும் விரும்பவில்லை. எனவே பின்னர் வந்த கெஸல் என்னும் மாற்றுருவில் ஒரே பின்னச்சு பொருத்தப்பட்டது.

இயந்திரம் மட்டும் மாறவில்லை. இங்கிலாந்தில் 1961-இலேயே 1147 கன சென்டிமீட்டர் இயந்திரம் வந்துவிட்டது. இங்கோ, இறக்குமதித் தடையால் வாங்குவோர்க்கு வேறு வழி மிகுதியாக இல்லை, நிறுவனத்திற்கும் அவசரமில்லை. தொழிலாளர்க்கு வேலை தந்த அதே வேலி, வாங்குவோரைக் காக்க வைத்தது. 1977-இல் கெஸல் நிறுத்தப்பட்டபோதும் அதனுள் இருந்தது பழைய 948 கன சென்டிமீட்டர் இயந்திரமே.