ஏஜென்ட் ஆரஞ்சு: நிரூபிக்க வேண்டியது பிள்ளைகளா?

1962 முதல் 1971 வரை தென் வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் அமெரிக்க ராணுவம் ஏழு கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளைத் தெளித்தது. அவற்றில் பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்சு. தயாரிப்பின்போது அதில் கலந்துவிட்ட டையாக்சின்தான் கொடிய நஞ்சு. அங்கே பணியாற்றிய வீரருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், இழப்பீடு பெறத் தன்மீது நஞ்சு பட்டதை அவர் நிரூபிக்கத் தேவையில்லை என்று 1991-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு அந்தத் தாராளம் இல்லை. தந்தை மட்டும் அங்கே பணியாற்றியிருந்தால், சட்டம் ஏற்கும் பிறவிக் குறைபாடு ஒன்றே ஒன்றுதான்: ஸ்பைனா பைஃபிடா. கரு உருவான நான்காவது வாரத்தில் மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக்குழாய் மூடாமல் போவதால் முதுகுத்தண்டில் ஏற்படும் பிளவு அது. கடுமையாக இருந்தால் கால்கள் செயலிழக்கும்; சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாது.

போர்க்களத்தில் தந்தைமீது பட்ட நஞ்சு, பல ஆண்டுகள் கழித்துப் பிறக்கும் பிள்ளையை எப்படி எட்டும்? டையாக்சின் உடல் கொழுப்பில் தங்கிவிடும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விந்தணுவோ சுமார் இரண்டரை மாதங்களில் புதிதாக உருவாகிறது. ஆக, ஊர் திரும்பிய பிறகும் ஒவ்வொரு விந்தணுவும் அந்த நஞ்சு இருக்கும் உடலில்தான் உருவாகியிருக்கும். 1976-இல் இத்தாலியின் செவேசோவில் நடந்த ஆலை விபத்தில் டையாக்சின் பரவியது. இளவயதில் டையாக்சினுக்கு ஆளான ஆண்களுக்குப் பின்னாளில் ஆண் குழந்தைகள் குறைவாகவே பிறந்தன. தந்தை வழியாகவும் பாதிப்பு கடக்கக்கூடும் என்பதற்கு மனிதரிடமே கிடைத்த தடயம் இது.

மறுப்பவர்களின் வாதங்களிலும் வலு உண்டு. பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு ஏதேனும் பிறவிக் குறைபாடு இருக்கிறது. வீரர் குடும்பங்களில் குறைபாடு காணப்படுவதே சான்றாகிவிடாது. தலைமுறை கடந்த பாதிப்பைக் காட்டிய எலி ஆய்வுகளில் நஞ்சு செலுத்தப்பட்டது கருவுற்ற பெண் எலிகளுக்கு. வியட்நாம் சென்ற வீரர்களோ பெரும்பாலும் ஆண்கள். ஸ்பைனா பைஃபிடாவுக்கு 1996-இல் ஓரளவு ஆதாரம் உண்டு என்று சொன்ன அமெரிக்க அறிவியல் கழகமே, 2016 அறிக்கையில் அதைப் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற வகைக்கு இறக்கிவிட்டது. ஆனால் போதிய ஆதாரம் இல்லை என்பது வேறு, தொடர்பே இல்லை என்பது வேறு. எந்த வீரர்மீது எவ்வளவு நஞ்சு பட்டது என்று அன்று யாரும் முறையாக அளக்கவில்லை. அளவே தெரியாதபோது ஆய்வில் தொடர்பு மங்கலாகத் தெரிவதில் வியப்பில்லை. பதிவு செய்யத் தவறியது அரசு. அந்தக் குறைக்கான விலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது நியாயமல்ல.

வியட்நாமின் டா நாங் விமானத் தளத்தில் நஞ்சேறிய மண்ணை அளந்து, சூடாக்கி, 2018-இல் தூய்மைப்படுத்தி முடித்தார்கள். மண்ணுக்குக் காட்டிய அக்கறையை மனிதருக்கும் காட்ட வேண்டும். அமெரிக்க வீரர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும், அதே நஞ்சோடு அங்கேயே வாழ்ந்த வியட்நாம் குடும்பங்களையும் பதிவேட்டில் சேர்த்து, நஞ்சு படாத குடும்பங்களோடு ஒப்பிட்டுத் தொடர்ந்து ஆராய வேண்டும். முடிவு எதுவானாலும் அதைத் தேடும் கடமை நஞ்சைத் தெளித்த அரசுக்கே உரியது. முடிவு தெரியும்வரை ஐயத்தின் பலன் பிள்ளைகளுக்கே சேர வேண்டும்.